“அவுக எங்கயும் வாரதில்ல”

மாதம் ஒருமுறை சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்கும் நாளில், சிவகிரி போன்ற மலையடிவார ஊர்களின் அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படும். எழுபதை ஒட்டிய ஓர் ஆச்சி மஞ்சள் பையிலிருந்து இரண்டு நோட்டை எடுத்து நீட்டுவார். ஒன்று அவருடையது, மற்றது வீட்டுக்காரருடையது. “தாத்தா வரலையா ஆச்சி?” என்று நர்ஸ் கேட்பார். “அவுக எங்கயும் வாரதில்ல தாயி. கூப்பிட்டாலும் எந்திரிக்க மாட்டாக” என்று பதில் வரும். இருவருக்கான மாத்திரையும் பைக்குள் போகும். வரிசை நகரும்.

அந்தப் பதிலுக்குள் ஒரு நோய் இருக்கிறது என்பது என் எண்ணம். எங்கேயும் வராத அந்தத் தாத்தாவுக்கு மனச்சோர்வு இருக்கலாம். அதைவிட முக்கியமாக, இரண்டு நோட்டோடு தனியாக நடந்து வந்த ஆச்சிக்கு அது தொடங்கிக்கொண்டிருக்கலாம். நோட்டு இரண்டாக இருப்பதால் நோயையும் இரண்டாகப் பார்க்கிறோம். ஆனால் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்களிடம் மனச்சோர்வு அப்படிப் பிரிந்து நிற்பதில்லை. ஒருவரில் தொடங்கி மற்றவருக்குப் போய், அங்கிருந்து மீண்டும் முதலாமவரிடம் கூடுதலாகத் திரும்புகிறது. அதற்கு மாதங்களும் ஆண்டுகளும் ஆவதால்தான் பக்கத்து வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாமல் போகிறது.

இதைச் சும்மா சொல்லிவிட முடியாது. தம்பதியர் இருவரையும் ஆண்டுக்கணக்கில், ஒரே கேள்விகளோடு திரும்பத் திரும்பச் சந்தித்தால்தான் யாருடைய சோர்வு முன்னே போனது, யாருடையது பின்னே வந்தது என்று சொல்ல முடியும். அமெரிக்காவில் எழுபது வயதைக் கடந்தவர்களை 1993 முதல் அப்படிச் சந்தித்து வந்தார்கள். அந்தத் தரவிலிருந்து 1,599 தம்பதியரின் பத்து ஆண்டுகளை எடுத்து ஆராய்ந்த டெனிஸ் கெர்ஸ்டார்ஃப், கிறிஸ்டியானே ஹாப்மன் குழுவினர் 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மனைவியிடம் சோர்வு அதிகமாக இருந்த வீடுகளில், அடுத்து வந்த ஆண்டுகளில் கணவனின் சோர்வு ஏறியது. அதோடு கணவனின் நினைவாற்றலும் சரிந்தது. நினைவாற்றலில் பாதை வேறாக இருந்தது. கணவனின் நினைவு திடமாக இருந்தால் மனைவியின் நினைவுச் சரிவு குறைந்தது. வயது, படிப்பு, உடல் இயலாமை, திருமணமாகி எத்தனை ஆண்டு, பிள்ளைகள் எத்தனை பேர் என்பதையெல்லாம் கணக்கில் சேர்த்த பிறகும் இந்த முன்பின் தொடர்பு மாறவில்லை.

எல்லா ஆய்வும் ஒரே திசையைக் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் வளரும் வயதிலிருந்த தம்பதியரை ஆராய்ந்த க்ரிஸ்டினா கூரோஸ், மார்க் கம்மிங்ஸ் இருவரும் கணவனின் சோர்வு மனைவியைப் பின்னால் தாக்குவதைக் கண்டார்கள். எது முதலில் என்பது வயதுக்கும் வீட்டுக்கும் ஏற்ப மாறலாம். சிவகிரிப் பக்கத்தில் விவசாயம் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வரும் தண்ணீர் முதலில் மேல்குளத்தில் நிறைந்து, மறுகால் பாய்ந்து, சில நாள் கழித்துத்தான் கீழ்க்குளத்துக்கு வரும். மேல்குளம் வறண்டதன் விளைவு கீழே தெரிவதற்கும் நாளாகும். தம்பதியரிடம் ஒரே ஒரு வேறுபாடு: இன்று மேல்குளமாக இருப்பவர் அடுத்த ஆண்டு கீழ்க்குளமாகிவிடலாம்.

அதே தரவைப் பதினான்கு ஆண்டுகள் வரை நீட்டி, ஏறத்தாழ 1,700 தம்பதியரை எடுத்துக்கொண்டு 2011-இல் ஹாப்மன் குழுவினர் செய்த ஆய்வில் இன்னொரு விவரம் கிடைத்தது. மனநிலை மட்டுமல்ல, உடலின் இயலாமையும் இருவரிடம் சேர்ந்தே ஏறி இறங்கியது. குளிக்க, நடக்க, கடைக்குப் போய்வர ஒருவருக்குச் சிரமம் கூடினால் அது அவருடைய மனச்சோர்வோடு மட்டும் நிற்கவில்லை; துணையின் நிலையோடும் பின்னிக்கிடந்தது. மூட்டுவலி ஒருவருக்கு, மனவலி இருவருக்கும்.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கற்பனையான ஒரு வீட்டில் வைத்துப் பார்ப்போம். எழுபத்து நான்கு வயதுப் பெரியவர், நெல் போட்டவர். காட்டுப்பன்றியும் யானையும் இறங்கி வரும் அடிவார வயலில் பல இரவுகள் காவல் கிடந்தவர். முழங்கால் வலி வந்ததும் முதலில் வயலுக்குப் போவது நின்றது. வயலைக் குத்தகைக்கு விட்டார். இதுவரை சோர்வு எதுவும் இல்லை. பிறகு காலையில் டீக்கடைக்குப் போவது குறைந்தது. அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்து பேப்பர் பார்த்து, மழை, விலை, தேர்தல் என்று நாலு பேரோடு பேசிவந்தது நின்றுபோனது. ஒருநாள் விடிகாலை இரண்டு மணிக்கு விழிப்பு வந்து, மறுபடி தூக்கம் பிடிக்கவில்லை. அதுவே வழக்கமானது.

கட்டிலில் அவர் புரள்வது ஆச்சிக்கும் கேட்கும். அவருக்கும் தூக்கம் கெட்டது. வெள்ளிக்கிழமை கோயில், சுற்றுப்பட்டிக் கிராமத்தில் இருக்கும் தங்கச்சி வீடு, ஒரு கல்யாணம், ஒரு துட்டி என்று அவர் போய்வந்த இடங்களெல்லாம் “இவுகள தனியா விட்டுட்டு எப்படிப் போக?” என்ற ஒரே காரணத்தால் ஒவ்வொன்றாக விடுபட்டன. பெரியவரின் முழங்கால் இரண்டு பேரின் உலகத்தைச் சுருக்கிவிட்டது. மகிழ்ச்சி தரும் சின்னச் சின்னச் செயல்கள் ஒவ்வொன்றாக நின்றுபோவதே மனச்சோர்வை வளர்க்கிறது என்பது 1970-களிலிருந்து பீட்டர் லெவின்சன் போன்ற உளவியலாளர்கள் வலியுறுத்திவந்த கருத்து. இந்த வீட்டில் இருவருக்கும் அது ஒன்றன்பின் ஒன்றாக நடக்கிறது.

அடுத்தது சாப்பாடு. மனச்சோர்வு நாக்கின் ருசியையும் பசியையும் கெடுக்கும். பெரியவர் தட்டைத் தள்ளிவிட்டு “வாய்க்கு ஒண்ணும் ருசிக்கல” என்கிறார். அது அவருடைய நோயின் அடையாளம். ஆனால் ஐம்பது ஆண்டு சமைத்துப் போட்டவரின் காதில் அது எப்படி விழும்? “என் கைப்பக்குவம் இப்பத்தான் கசக்குதாக்கும்” என்று அவர் முகம் திரும்புகிறது. இரண்டு வாரம் கழித்து ஆச்சிக்கே சமைப்பதில் நாட்டம் போய்விடுகிறது. காலையில் வைத்த குழம்பே மூன்று வேளைக்கும் ஓடுகிறது. இப்போது பெரியவருக்கு, தன்னை யாரும் பொருட்படுத்தவில்லை என்ற எண்ணம். ஒரு நோய்க்குறி சண்டையாக மாறி, சண்டை இன்னொருவரின் நோய்க்குறியாகிவிட்டது.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் காய்ன் 1976-இல் எழுதிய ஒரு கட்டுரை இந்தச் சுழலைத்தான் விளக்கியது. சோர்ந்தவர் ஆறுதலைத் தேடுகிறார். அருகிலிருப்பவர் ஆறுதல் சொல்கிறார். சோர்ந்தவருக்கு அது போதவில்லை, நம்பிக்கையும் வரவில்லை, மீண்டும் கேட்கிறார். சொல்லிச் சொல்லி அலுத்தவரின் குரலில் எரிச்சல் தட்டுகிறது. அந்த எரிச்சல், ‘நான் பாரம்தான்’ என்ற சோர்ந்தவரின் எண்ணத்தை உறுதிப்படுத்திவிடுகிறது. இதில் யாரையும் குற்றம் சொல்ல இடமில்லை. இருவரும் அந்த நேரத்தில் தம்மால் முடிந்ததைத்தான் செய்தார்கள்.

ஒத்த மனநிலை உள்ளவர்கள் ஒருவரையொருவர் தேடி மணந்துகொள்வதால்தான் இருவருக்கும் சோர்வு வருகிறது என்று மேலைநாட்டு ஆய்வாளர்களிடம் ஒரு வாதம் உண்டு. நம் ஊரின் எழுபது வயதுத் தம்பதியருக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. மாப்பிள்ளையின் மனப்போக்கைப் பார்த்து அந்தக் காலத்தில் யாரும் பெண் கொடுக்கவில்லை. ஆனால் நமக்கென்று வேறொரு விஷயம் இருக்கிறது. அத்தை மகனும் மாமன் மகளுமாக மணந்தவர்கள் ஏராளம். 2019–21-இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலும் தமிழ்நாட்டில் 28 விழுக்காட்டுத் திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. மாமன் மகளும் அத்தை மகனும் தங்கள் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள். சோர்வுக்கான மரபுச் சாய்வு ஓரளவு இருவருக்கும் பொதுவாக இருக்க இடமுண்டு. என்றாலும் ஒருவரின் சோர்வு ஏறிய பிறகு மற்றவருடையது ஏறுவதை மரபணு மட்டும் விளக்காது. சேர்ந்து வாழ்வதுதான் விளக்கும்.

காது கேளாமையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாருமே அதை மனநோயோடு சேர்த்து நினைப்பதில்லை. கலிஃபோர்னியாவின் அலமீடா மாவட்டத்தில் 418 முதிய தம்பதியரைத் தொடர்ந்து பார்த்து, மார்கரெட் வால்ஹேகன் குழுவினர் 2004-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒருவருக்குக் காது மந்தமானால், ஐந்து ஆண்டு கழித்துத் துணையின் உடல்நலமும் மனநலமும் பிறரோடு பழகும் வாழ்வும் மோசமாக இருந்தன. கணவனின் காது மந்தமானபோது மனைவிக்கு ஏற்பட்ட பாதிப்பு கூடுதல். காரணம் விளங்காததல்ல. “பூக்காரி வந்தா”, “அவுக வீட்டு மாடு கன்னு போட்டிருக்கு” என்பது போன்ற அற்பப் பேச்சுதான் ஒரு வீட்டை ஓட்டுகிறது. அதை மூன்று முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தால் நான்காம் நாள் யாரும் சொல்ல மாட்டார்கள். அவசியமானது மட்டுமே பேசப்படும்: மாத்திரை, சோறு, கரண்ட் பில். கணவனுக்குக் காதுக்கருவி பொருத்துவது மனைவியின் மனச்சோர்வுக்கு வைத்தியமாகும் என்று சொன்னால் சிரிக்க வேண்டாம். கண்புரைக்கும் அப்படித்தான். அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் மதுரையிலும் 1988-இல் திருநெல்வேலியிலும் வந்ததால் நம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்குப் பார்வை திரும்பியது. அதனால் எத்தனை வீட்டில் துணையின் முகமும் தெளிந்தது என்பதை யாராவது எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

உடம்பின் பங்கையும் விட்டுவிடக் கூடாது. நீண்டகாலச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மூளையின் ஆழத்திலுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கெடுக்கும். அதன் விளைவாக அறுபதுக்கு மேல் புதிதாகத் தோன்றும் ஒருவகைச் சோர்வு உண்டு என்று ஜார்ஜ் அலெக்சோபூலோஸ் உள்ளிட்டோர் 1997-இல் முன்வைத்தார்கள். இதில் அழுகை குறைவு. மந்தம், ஆர்வமின்மை, எந்தக் காரியத்தையும் தொடங்க முடியாமை ஆகியவையே முன்னால் நிற்கும். “சோம்பேறியாயிட்டாக” என்று வீட்டில் பெயர் வாங்குபவர்களில் இந்தச் சோர்வு உள்ளவர்களும் உண்டு. தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு, ரத்தசோகை ஆகியவையும் இதே வேடத்தில் வரும். ரத்தப் பரிசோதனையில் இவை தெரிந்துவிடும். ஒரே அடுப்பில் உலை வைத்து, ஒரே உப்பையும் ஒரே அரிசியையும் சாப்பிடும் இருவருக்குச் சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்தே வருவது சகஜம் என்பதால் இந்தப் பாதையும் இருவருக்கும் பொதுவானதுதான்.

பிறகு பராமரிப்பு. பெரும்பாலும் மனைவிக்கு ஐந்து, பத்து வயது குறைவு. ஆகவே பராமரிப்பு அவர் தலையில் விழுகிறது. ரிச்சர்ட் ஷுல்ஸ், ஸ்காட் பீச் இருவரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்தது. துணையைப் பராமரித்து அதனால் மனவேதனையும் உடற்சோர்வும் அடைந்தவர்களுக்கு, அப்படிப் பராமரிக்க வேண்டியிராதவர்களைவிட அடுத்த நான்கு ஆண்டுகளில் இறக்கும் அபாயம் 63 விழுக்காடு அதிகம். பராமரித்தும் அவ்வளவு சிரமப்படாதவர்களிடம் அந்த உயர்வு காணப்படவில்லை. ஆகவே, பராமரிப்பதை விடவும், உதவியின்றித் தனியாகச் சுமப்பதே ஆளைத் தின்கிறது என்று படிக்கலாம். வாரத்தில் ஒரு நாள் யாராவது வந்து பெரியவரோடு இருந்தால் ஆச்சி வெளியே போய்வரலாம். இதைவிட மலிவான மருந்து எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு பெரிய பாதிப்பு ஏன் கணக்கில் வருவதில்லை? 2017–18-இல் நாடு முழுவதும் 45 வயதைக் கடந்த 72,000-க்கும் மேற்பட்டோரிடம் இந்திய முதுமை நீள்தொடர் ஆய்வு நடந்தது. மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்திய அந்த ஆய்வில் கேள்விகள் கேட்டு மதிப்பிட்டபோது, அறுபது கடந்தவர்களில் 8 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்டவர்களுக்குத் தீவிர மனச்சோர்வு இருக்க வாய்ப்புத் தெரிந்தது. தமக்கு அப்படியொரு நோய் இருப்பதாக மருத்துவர் சொன்னார் என்று தெரிவித்தவர்கள் ஒரு விழுக்காடுகூட இல்லை. பத்தில் ஒன்பது பேர் வெளியே தெரியாமலே இருக்கிறார்கள். 2021-இல் தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காட்டினர் அறுபது கடந்தவர்கள் என்ற மதிப்பீட்டோடு சேர்த்துப் பார்த்தால், நம் தெருவிலேயே எத்தனை வீடு என்று புரியும்.

ஒளிந்திருக்க ஒரு காரணம், நம் பெரியவர்கள் மனசைப் பற்றிப் பேசுவதில்லை, உடம்பைப் பற்றித்தான் பேசுவார்கள். “கை கால் குடைச்சல்”, “நெஞ்சு படபடங்குது”, “மேலெல்லாம் அசதி” என்று சொல்வார்கள். ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். 1980-களின் தொடக்கத்தில் முதியோருக்கென்றே ஒரு மனச்சோர்வுக் கேள்வித்தாளை ஜெரோம் யெசவேஜ் குழுவினர் தயாரித்தபோது, தூக்கம், பசி, வலி பற்றிய கேள்விகளை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். வயதானால் அவை எப்படியும் இருக்கும், மனச்சோர்வைப் பிரித்துக் காட்டாது என்பது அவர்கள் காரணம். அது சரிதான். ஆனால் நம் ஆச்சிக்கு உடம்புதான் மனசின் வாய். இரண்டையும் கேட்டாக வேண்டும்.

சங்கரன்கோவில் கோமதி அம்மன் சன்னதியில் ஒரு சக்கரக் குழி உண்டு. மனம் கலங்கியவர்கள் அதில் அமர்ந்து வேண்டிக்கொள்வது நெடுநாள் வழக்கம். அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. எங்கேயும் வராதவரைக் கிளப்பி, பஸ் ஏற்றி, கூட்டத்துக்குள் கூட்டிப்போகும் அந்த நாள், பல மாதங்களில் இருவரும் சேர்ந்து வெளியே போன ஒரே நாளாக இருக்கலாம். அங்கே போய்வருபவர்களை மருத்துவரிடமும் போகச் சொல்வோம். கோயிலா ஆஸ்பத்திரியா என்று கேட்டால் அவர்கள் இரண்டையும் இழந்துவிடுவார்கள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. திருப்பூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ போன் போட்டால் ஒருவர்தான் எடுப்பார், பெரும்பாலும் அம்மா. “நல்லாத்தான் இருக்கோம்” என்று இருவருக்கும் சேர்த்து அவரே பதில் சொல்லிவிடுவார். அப்பாவிடம் தனியாகப் பேசுங்கள், அம்மாவிடமும் தனியாகப் பேசுங்கள். ஒருவர் கேட்கும் தூரத்தில் மற்றவர் உண்மையைச் சொல்வதில்லை. “நாங்க இருந்து யாருக்கு என்ன பிரயோசனம்” என்ற சொல் ஒருமுறை காதில் விழுந்தாலும் அதைப் பெரியவர்கள் வழக்கமாகப் பேசும் பேச்சு என்று விடக் கூடாது. சாக விருப்பம் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. அன்றைக்கே ஆள் போய்ச் சேர வேண்டும், வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தை அப்புறப்படுத்த வேண்டும். 14416 என்ற மத்திய அரசின் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

இது குணமாகும் நோய். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். சில மாத்திரைகள் முதியவர்களுக்கு ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கக்கூடும், பிரஷருக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களிடம் இந்த வாய்ப்பு அதிகம். எனவே மருத்துவரிடம் எல்லா மாத்திரையையும் காட்டிவிட வேண்டும். திருநெல்வேலியின் ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி வரை போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் மாவட்டத்துக்குள்ளேயே பார்க்கிறார்கள்.

மருத்துவர் அல்லாதவர்களும் இதில் பெரிய வேலை செய்ய முடியும் என்பதற்குக் கோவாவில் சான்று இருக்கிறது. அமித் டயஸ், விக்ரம் பட்டேல் உள்ளிட்டோர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், அறுபது வயது கடந்து, லேசான அறிகுறிகள் மட்டும் இருந்த 181 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பாதியினரை, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் சந்தித்தார்கள். பிரச்சினையைச் சின்னச் சின்னதாகப் பிரித்து எப்படித் தீர்ப்பது, தூக்கத்தை எப்படிச் சீராக்குவது, சர்க்கரையை எப்படிக் கவனிப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அரசு உதவிகளைப் பெறவும் வழிகாட்டினார்கள். ஓராண்டில் அவர்களில் 4.4 விழுக்காட்டினருக்கே தீவிர மனச்சோர்வு வந்தது. வழக்கமான கவனிப்பில் விடப்பட்டவர்களிடம் அது 14.4 விழுக்காடு.

நம்மிடம் அப்படிப்பட்ட ஆட்கள் ஏற்கெனவே வீடு தேடி வருகிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் ஊழியர்கள் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள், எழ முடியாதவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியும் கிடைக்கிறது. எங்கேயும் வராத தாத்தா இருக்கும் வீட்டுக்குள் போகக்கூடியவர்கள் இவர்கள்தான். இவர்களிடம் இரண்டு கேள்வியைக் கொடுத்தால் போதும். உலகெங்கும் முதற்கட்டமாகக் கேட்கப்படுபவை அவை. கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா? மனசு சோர்ந்து, நம்பிக்கையில்லாமல் இருந்ததா? பெரும்பாலான நாட்கள் ஆமாம் என்றால் அடுத்த கட்டப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். கேள்வியை இருவரிடமும் கேட்க வேண்டும். திண்ணையில் அவரிடம், அடுப்படியில் இவரிடம், தனித்தனியாக. ஒருவருக்கு ஆமாம் என்று வந்தால், மற்றவர் இல்லை என்று சொல்லியிருந்தாலும் அவர் பெயரையும் குறித்துவைத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி போய்க் கேட்க வேண்டும்.